திரை அணைந்த பிறகு: தொலைக்காட்சித் தொடர்களோடு வரும் வரலாற்று நூல்கள்

புலம்பெயர்ந்த தமிழர் வீட்டில் ஆங்கில வரலாற்று நூல் ஒன்று இருக்குமானால் அது பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். பெரிய அளவு, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், அட்டையில் தொடரை வழங்கியவரின் பெயர் நூலின் பெயருக்குச் சமமான எழுத்தில். நத்தாருக்கு யாரோ பரிசளித்தது, அல்லது சரிட்டி கடையில் இரண்டு பவுணுக்கு எடுத்தது. தொடர் ஒளிபரப்பான காலத்தில் கடைக்கு வந்த நூல், தொடரை எல்லாரும் மறந்த பிறகும் வீட்டில் தங்கிவிடுகிறது.

இந்த வகை நூலைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் இதைத் தன் துறையின் நூலாக எண்ணுவதில்லை. இலக்கிய இதழ்களுக்கு இது இலக்கியமாகத் தெரிவதில்லை. நாளிதழ்களில் தொடருக்கு விமர்சனம் வரும். நூலுக்கு இரண்டு வரி அறிவிப்பு வந்தால் உண்டு. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைக்கும் முதல் வரலாற்று நூல் இதுதான். சோழரைப் பற்றியோ பஞ்சத்தைப் பற்றியோ பேரரசைப் பற்றியோ அறிய விரும்பும் பதினாறு வயதுப் பிள்ளை நேராக நீலகண்ட சாஸ்திரியிடம் போவதில்லை. வீட்டில் கிடக்கும் படப்புத்தகத்தைத்தான் முதலில் திறக்கும். ஆகவே இவற்றில் எது தேறும், எது தேறாது என்று பிரித்துச் சொல்வது நமக்குத் தேவையான வேலை.

என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். முதலாம் ஆண்டுக் கட்டுரை ஒன்றுக்கு இப்படியொரு நூலை ஆதாரமாகக் காட்டியிருந்தாள். திருத்தியவர் ஓரத்தில் எழுதியது ஒரே கேள்வி: இது எப்படித் தெரியும்? அவள் நூலைத் திரும்பப் புரட்டினாள். அந்த வாக்கியம் இருந்தது, பக்கத்தில் அழகான படமும் இருந்தது. எப்படித் தெரியும் என்பது மட்டும் இல்லை. "சித்தப்பா, அப்ப இது முழுக்கப் பொய்யா?" என்று என்னிடம் கேட்டாள்.

பொய் இல்லை. அந்த வாக்கியம் சரியானதுதான். ஆனால் அவளுடைய கேள்வியில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆதாரம் காட்டாத நூல், பிழை விடாதபோதும், வாசகரை இரண்டு வழிகளில் ஒன்றுக்குத் தள்ளிவிடுகிறது. ஒன்று, எல்லாவற்றையும் நம்புவது. மற்றது, ஒரு இடத்தில் அடிபட்டவுடன் எல்லாவற்றையும் தூக்கி எறிவது. தம் வரலாற்றைப் பாதி வீட்டுப் பேச்சிலும் பாதி இணையத்திலும் பொறுக்கிச் சேர்க்கும் பிள்ளைகளுக்கு இரண்டுமே கேடு.

இந்த நூல்களை அளக்க வழக்கமாக எடுக்கப்படும் கோல்கள் இரண்டு. ஒன்று ஆய்வாளருடையது: அடிக்குறிப்பு எங்கே, மூல ஆவணம் பார்த்தாரா என்று கேட்பது. அது நியாயமற்றது. ஆறு நூற்றாண்டை ஓர் அத்தியாயத்தில் சொல்ல வந்தவரிடம் ஓர் ஊரின் வரிப் பதிவேட்டை எதிர்பார்க்க முடியாது. மற்றது ரசிகருடையது: தொடர் நன்றாக இருந்தது, நூலும் நன்றாக இருக்கிறது, படங்கள் அருமை. இது நூலைத் தொடரின் நினைவுப் பொருளாக ஆக்கிவிடுகிறது. கோயில் வாசலில் வாங்கும் படம் போல.

நான் பயன்படுத்தும் கோல் வேறு. மூன்று கேள்விகள். கமராவால் எடுக்க முடியாததை நூல் எடுத்திருக்கிறதா? தனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறதா? பேசுவது யார், எங்கே நின்று பேசுகிறார் என்பதை மறைக்காமல் இருக்கிறதா?

* * *

முதற் கேள்வியை விளக்கத் தஞ்சாவூருக்குப் போகலாம். இந்தியாவைப் பற்றிய தொடர் எதுவானாலும் கமரா ஒருமுறையாவது பெரிய கோயிலுக்கு வந்து சேரும். வந்ததும் மேலே பார்க்கும். விமானம் வானத்தை நோக்கி எழும், காலை வெயில் படும், பின்னணியில் நாதஸ்வரம் கேட்கும். 1010ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கல் மலைக்கு முன் எந்த இயக்குநரும் வேறெதையும் செய்யமாட்டார். செய்யவும் கூடாது. அது படமெடுக்கத் தக்க காட்சி.

ஆனால் அந்தக் கோயிலின் வரலாறு பெரும்பகுதி கீழே, அடித்தளத்துக் கல்வெட்டுகளில் இருக்கிறது. ராஜராஜன் பல கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அங்கே உண்டு. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு, எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதே கல்வெட்டுகளில் ஈழ மண்டலத்து ஊர்கள் சில இந்தக் கோயிலுக்கு வருவாய் கொடுக்க வேண்டியவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்து இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து தஞ்சை விமானத்தை 'எங்கட பெருமை' என்று முகநூலில் போடுகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அந்தப் பெருமைக்குத் தீவின் வயல்களும் நெல் அளந்தன.

இந்தப் பட்டியலைத் திரையில் காட்டினால் பார்ப்பவர் அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார். கருங்கல்லில் தேய்ந்த எழுத்து, அசைவு இல்லை, முகம் இல்லை. நூலுக்கு இந்தத் தடை கிடையாது. ஒரு பக்கத்தில் பட்டியலைச் சொல்லி, அடுத்த பக்கத்தில் அதன் பொருளைச் சொல்லலாம். இடைவிடாமல் பேசினாலும் ஒரு மணி நேரத் தொடரில் சொல்லக்கூடியது புத்தகத்தில் இருபத்தைந்து, முப்பது பக்கத்தைத் தாண்டாது. காட்சிக்கும் இசைக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும். முந்நூறு பக்க நூலில் மிஞ்சும் இடத்தை ஆசிரியர் எதற்குச் செலவிட்டார் என்பதே முதற் கேள்வி. கமரா மேலே பார்த்ததென்றால், நூல் கீழே குனிந்து வாசித்ததா?

இந்த வகையின் முன்னோடி கென்னத் கிளார்க்கின் 'சிவிலைசேஷன்'. பிபிசி இரண்டாம் அலைவரிசை வண்ண ஒளிபரப்புக்கு மாறிய காலத்தில், அதன் பொறுப்பில் இருந்த டேவிட் அட்டன்பரோ கேட்டு உருவான தொடர்; 1969இல் பதின்மூன்று பகுதிகளாக வந்தது. அதே ஆண்டு நூலும் வந்தது. அந்த நூல் ஏறத்தாழத் தொடரின் எழுத்துப்பிரதிதான். கிளார்க் முன்னுரையிலேயே அதைச் சொல்லிவிடுகிறார். மேற்கு ஐரோப்பாவைத்தான் நாகரிகம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வைக்கிறோம், அதிலும் ஸ்பெயினை விட்டுவிட்டோம் என்ற குறை அவர் காலத்திலேயே எழுந்தது. இருந்தும் மூன்றாம் கேள்வியில் அவர் தேறுகிறார். 'ஒரு தனிப்பட்ட பார்வை' என்று உபதலைப்பு வைத்தார். பேசுவது ஒரு பிரபு, தன் ரசனையில் நின்று பேசுகிறார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். நாம் அவரோடு சண்டை போடலாம், ஏனென்றால் அவர் ஒளிந்துகொள்ளவில்லை.

அந்தச் சண்டையைப் போட்டவர் ஜோன் பேர்ஜர். 1972இல் வந்த 'வேய்ஸ் ஒஃப் சீயிங்' நான்கே பகுதிகள். அதன் நூல் எழுத்துப்பிரதியாக வரவில்லை. ஐந்து பேர் சேர்ந்து செய்த நூல் அது. ஏழு கட்டுரைகள், அவற்றில் மூன்றில் படங்கள் மட்டுமே. முதற் கட்டுரையின் கருத்துகளில் பல வால்ட்டர் பெஞ்சமினிடமிருந்து வந்தவை என்று நூலிலேயே சொல்லியிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் படம் ஓடிவிடும், பார்ப்பவர் பின்னால் போக வேண்டும். புத்தகத்தில் படம் நிற்கும், வாசகர் திரும்பி வரலாம். இந்த வித்தியாசத்தை உணர்ந்து, அச்சுக்கென்றே மறுபடி யோசித்துச் செய்த நூல். அது கலை பற்றிய நூலானாலும் வரலாற்று நூல்களுக்கும் பாடம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மாணவர்கள் அதை வாசிப்பதற்கு அந்த மறுயோசனையும் ஒரு காரணம்.

எதிர்த்திசையில் போன ஒரு தொடரையும் இங்கே நினைக்க வேண்டும். நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதிய 'டிஸ்கவரி ஒஃப் இந்தியா'வை வைத்து ஷியாம் பெனகல் 1988இல் தூரதர்ஷனுக்காக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்', ஐம்பத்து மூன்று பகுதிகள். நூல் முதலில் இருந்ததால் தொடர் அதற்கு அடங்கி நடக்க வேண்டியிருக்கவில்லை. சிலப்பதிகாரத்தை நடித்துக் காட்டியது, சோழருக்கு இரண்டு பகுதிகள் கொடுத்தது. நூலைத் தாண்டிப் போகும் துணிவு தொடருக்கு இருந்தது. தொடரைத் தாண்டிப் போகும் துணிவு துணைநூல்களுக்கு ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? படப்பிடிப்பு நடக்கும்போதே எழுதி, ஒளிபரப்புக்கு முன் அச்சேற்ற வேண்டிய அவசரம் ஒரு காரணம். தொடரைப் பார்த்தவர் அதையே நூலிலும் தேடுவார் என்ற வியாபாரக் கணக்கு இன்னொன்று.

* * *

தமிழருக்கு நெருக்கமான உதாரணம் மைக்கல் வூட். அவருடைய 'த ஸ்டோரி ஒஃப் இந்தியா' 2007இல், இந்தியச் சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டில், பிபிசியில் ஆறு பகுதிகளாக வந்தது. நூலும் அதே ஆண்டு. வூட்டிடம் எனக்கு மரியாதை உண்டு. இந்தியா என்றால் கங்கைச் சமவெளி என்று முடித்துவிடும் நூல்கள் நிறைய. வூட் தெற்கிலிருந்து தொடங்குகிறார், திரும்பத் திரும்பத் தெற்குக்கு வருகிறார். கேரளக் கரை, மதுரை, தஞ்சை, சுவாமிமலை மரபின் வெண்கல வார்ப்பு எல்லாம் அவருடைய கதையில் ஓரத்தில் ஒட்டிய அலங்காரமாக இல்லை. கதையின் பகுதியாக இருக்கின்றன. இங்கிலாந்தில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை அந்த நூலைத் திறந்து தன் பாட்டி ஊரின் பெயரைக் காண்பது சிறிய விடயம் அல்ல.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அது தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பழக்கம். 'இன்றும்' என்ற சொல். கேரளத்து நம்பூதிரிகள் மந்திரம் ஓதுகிறார்கள். அந்த ஒலிக்கோலம் பறவைகளின் பாட்டைப் போன்றது, மொழி பிறப்பதற்கு முந்தியதாகக்கூட இருக்கலாம் என்கிறது தொடர். சிற்பி மெழுகில் உருவம் செய்கிறார்; சோழர் காலத்தில் செய்தபடியே இன்றும். சந்தையில் மிளகு அளக்கிறார்கள். உரோமர் வந்தபோது அளந்தபடியே இன்றும். கமராவுக்கு இது தவிர்க்க முடியாதது. அது இன்றைய மனிதரைத்தான் படமெடுக்க முடியும். ஆகவே இன்றைய மனிதரைப் பழைய காலத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறது. நூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூல் கேட்டிருக்க வேண்டும்: இந்த மந்திரத்தைக் கேட்கவும் உரிமையில்லாதவர்கள் அந்த வேலிக்கு வெளியே எத்தனை நூற்றாண்டு நின்றார்கள்? தொடர்ச்சி என்று நாம் வியப்பது யார் யாரை வெளியே வைத்ததால் காப்பாற்றப்பட்டது? எல்லாம் மாறாமல் இருக்கிறது என்பது கேட்க இனிமையான செய்தி, புலம்பெயர்ந்தவருக்கு இன்னும் இனிமை. விட்டுவந்த ஊர் அப்படியே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் நம்ப விரும்புவோம்.

இது வூட்டின் இயல்பான குறையா, வகையின் குறையா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. 1995இல் அவர் 'த ஸ்மைல் ஒஃப் முருகன்' என்ற நூலை எழுதினார். எந்தத் தொடருக்கும் துணையாக வராத நூல். சிதம்பரத்துக் குடும்பம் ஒன்றோடு பழகி, வீடியோப் படம் ஓடும் யாத்திரைப் பேருந்தில் ஏறித் திருச்செந்தூர் வரை போன கதை. அதில் பேருந்து தாமதமாகிறது, சக பயணிகள் கதைக்கிறார்கள், பக்தியும் சினிமாவும் ஒரே பேருந்தில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பழமை கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. மாறிக்கொண்டும் சமாளித்துக்கொண்டும் இருக்கிறது. எழுதுகிறவருக்குப் புரியாத இடங்களும் உண்டு, அவற்றை அவர் மறைக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே நிலம். கமரா இல்லாத நூலில் அவர் கேட்கிறார். கமரா இருந்த நூலில் அறிவிக்கிறார். இரண்டில் ஒன்றை வாங்க வேண்டுமென்றால் முருகனைத்தான் வாங்கச் சொல்வேன்.

இந்த வகை நூலுக்கு வயதும் வேகமாக ஏறும். 2007இல் வந்த நூலில் கீழடி இருக்க முடியாது. அங்கே அகழாய்வு தொடங்கியது 2015இல். சிந்துவெளி, ஆரியர் வருகை பற்றிய தொல்மரபணு ஆய்வுகளில் முக்கியமானவை 2019இல் வெளியாயின. இதற்காக வூட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'எப்படித் தெரியும்' என்பதைச் சொல்லியிருக்கும் நூல் பழசானாலும் பயன்படும். எந்தச் சான்று புதிதாக வந்தது, எந்த முடிவு அதனால் மாறும் என்று வாசகரே கணக்குப் பார்க்கலாம். முடிவுகளை மட்டும் தந்த நூல் பழசானதும் எது நின்றது, எது விழுந்தது என்று பிரிக்க வழியில்லாமல் போகிறது.

* * *

இரண்டாம் கேள்வியின் கனத்தை எனக்கு உணர்த்தியது ஸ்பென்சர் வெல்ஸின் 'த ஜேர்னி ஒஃப் மேன்'. மனிதர் ஆபிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய வழியை மரபணு கொண்டு தேடும் நூல். 2002இல் வந்தது, அதே பெயரில் ஆவணப்படம் 2003இல். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனோடு வெல்ஸ் மதுரையை அடுத்த கள்ளர் சமூகக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். எம்130 என்ற அடையாளம் அங்கே சிலரிடம் கிடைத்தது. ஆபிரிக்காவிலிருந்து கரையோரமாக வந்து அவுஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் என்று அது கருதப்படுகிறது. வூட்டின் தொடரும் பிறகு இதே பேராசிரியரைத் தேடி மதுரைக்கு வந்தது.

திரையில் இந்தச் செய்திக்கு ஒரு முகம் தேவை. கிராமத்து இளைஞர் ஒருவர் காட்டப்படுகிறார். அந்த நொடியே பார்ப்பவர் மனத்தில் ஒரு வாக்கியம் உருவாகிவிடுகிறது: முதல் இந்தியர் இவர். நம்மிடையே அது இன்னொரு படி ஏறி, முதல் மனிதன் தமிழன் என்று அறிவியலே சொல்லிவிட்டது என்றாகி, வாட்ஸ்அப்பில் இன்றுவரை சுற்றுகிறது. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு இளைஞர் இதைச் சொன்னபோது அறையில் கைதட்டல் எழுந்தது.

வெல்ஸின் நூலைப் பொறுமையாகப் படித்தவர் கைதட்டமாட்டார். எம்130 வை குரோமோசோமில் உள்ள அடையாளம். அது தந்தை, தந்தையின் தந்தை, அவருடைய தந்தை என்று ஒரே ஒரு கோட்டில்தான் போகும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவரின் முன்னோருக்கு 1,024 இடங்கள். வை குரோமோசோம் அவற்றில் ஒன்றைத்தான் சொல்கிறது. மற்ற 1,023 பற்றி மௌனம். அந்த இளைஞரின் அடுத்த வீட்டுக்காரரிடம் எம்130 இல்லாவிட்டாலும், தாய்வழியாகவோ வேறு வழிகளாலோ அவரும் அதே முதல் வருகையாளரின் பிள்ளையாக இருக்கலாம். வழி இத்தனை பழையது என்றால் அந்த மனிதரோ அவர் மொழியோ பழையது என்று பொருளில்லை. இந்த முறை எப்படி வேலை செய்கிறது, அதன் எல்லை என்ன என்பதற்கு நூல் பல பக்கங்களைக் கொடுக்கிறது. ஆவணப்படம் அதற்கு அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது. இந்த இடத்தில் துணைநூல் தன் கடமையைச் செய்திருக்கிறது. நாம்தான் படத்தைப் பார்த்துவிட்டு நூலைத் திறக்காமல் விட்டோம்.

* * *

மூன்றாம் கேள்விக்கு நியல் ஃபேர்கசனின் 'எம்பயர்'. 2003இல் சனல் 4இல் ஆறு பகுதிகளாக வந்த தொடரின் நூல். பிரித்தானியப் பதிப்பின் உபதலைப்பு, பிரித்தானியா நவீன உலகை எப்படி உருவாக்கியது என்பது. அதே ஆண்டு, ஈராக் போர் தொடங்கிய ஆண்டு, அமெரிக்காவில் வந்த பதிப்பின் உபதலைப்பு மாறிவிட்டது: பிரித்தானிய உலக ஒழுங்கின் எழுச்சியும் வீழ்ச்சியும், உலக வல்லமைக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடங்களும். நூலின் முடிவுரை அமெரிக்காவைத் தன்னைப் பேரரசென்று ஒப்புக்கொள்ளாத பேரரசாகக் காண்கிறது. பேசுபவர் எங்கே நிற்கிறார், யாரிடம் பேசுகிறார் என்பதை அட்டைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்த்துவிடலாம். ஒரே அட்டையை மட்டும் காண்பவருக்கு அது தெரியாது.

ஃபேர்கசன் திறமான எழுத்தாளர், சலிப்பில்லாமல் வாசிக்க வைப்பவர். என் வழக்கு அவர் முறையோடு. பேரரசு நல்லதா கெட்டதா என்று ஐந்தொகை போடும் முறை. ரயில் பாதை வரவில். அடிமை வியாபாரம் செலவில். தொலைக்காட்சிக்கு இது பொருந்தும், ஏனென்றால் கடைசிப் பகுதியில் ஒரு விடை வேண்டும். ஆனால் 1876-78 தாது வருடப் பஞ்சத்தை இந்த ஐந்தொகையில் எங்கே எழுதுவது? 1877 ஜனவரி முதலாம் திகதி டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்டார். அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்ட் தானியம் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கோர்னிஷ் அந்த அளவில் மனிதர் உயிர்வாழ முடியாது என்று எதிர்த்து எழுதினார். ரயில் இருந்தது, அது தானியத்தைப் பசித்த ஊருக்குக் கொண்டுவரவும் செய்தது, விலை ஏறிய சந்தைக்குக் கொண்டுபோகவும் செய்தது. ஒரே ரயில் வரவிலும் செலவிலும் நிற்கிறது.

தர்பாருக்கு ஓவியங்கள் உண்டு. பஞ்சத்துக்கும் படங்கள் உண்டு. ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த, எலும்பும் தோலுமான மனிதர்களின் படங்கள். எந்தத் தொடரும் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி நம்மைக் கலங்க வைக்கலாம். ஆனால் ஒரு பவுண்ட் என்ற அந்த அளவுக்குப் படம் கிடையாது. அதைத் தீர்மானித்த கடிதத்துக்கும் அதை மறுத்த கடிதத்துக்கும் காட்சி கிடையாது. பஞ்சத்தைப் பற்றிய எந்த நூலையும் நான் மதிப்பிடுவது இந்த இடத்தில்தான். அந்த இரண்டு கடிதங்களையும் என் முன் வைக்கும் நூல் என்னை வாசகனாக நடத்துகிறது. படத்தை மட்டும் வைப்பது என்னைப் பார்வையாளனாகவே வைத்திருக்கிறது. இந்தப் பஞ்சத்தால்தான் நம் முன்னோர் சிலர் கப்பலேறினார்கள். மலாயாவிலும் இலங்கைத் தோட்டங்களிலும் தொடங்கும் குடும்பக் கதைகளுக்கு ஐந்தொகையில் ஒரு வரி போதாது.

* * *

இத்தனைக்கும் பிறகு தேறிய நூல் ஒன்றைச் சொல்ல வேண்டும். டேவிட் ஒலுசோகாவின் 'பிளாக் அண்ட் பிரிட்டிஷ்', 2016. தொடர் நான்கு பகுதிகள். நூல் அறுநூறு பக்கத்துக்கும் மேல். இந்த விகிதமே ஒரு செய்தி. தொடர் தன் வடிவத்துக்கு ஏற்ற வேலையைச் செய்தது: ஊர் ஊராகப் போய், கறுப்பின மக்களின் வரலாறு நடந்த இடங்களில் ஊர்மக்களைக் கூட்டி நினைவுப் பலகை பதித்தது. ஹேட்ரியன் சுவரின் ஓரத்தில், உரோமப் படையில் வந்த ஆபிரிக்க வீரர்கள் இருந்த சிற்றூரிலும் ஒன்று. நூல் தன் வேலையைச் செய்கிறது. லங்காஷயரில் கால் வைக்காத, மிசிசிப்பிக் கரையில் பருத்தி பறித்த அடிமைகளையும் பிரித்தானிய வரலாற்றின் மாந்தராகக் கணக்கில் எடுக்கிறது; அவர்கள் பறித்த பஞ்சில்தான் லங்காஷயர் ஆலைகள் ஓடின. அந்த உறவைப் பலகை வைத்துக் காட்ட இடம் இல்லை. நூலில் அதற்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பேசுவது யார் என்பதையும் முன்னுரை மறைக்கவில்லை. நைஜீரியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, இனவெறியர் வீட்டைத் தாக்கிக் குடும்பத்தை விரட்டிய நாள்களில் வடகிழக்கு இங்கிலாந்தில் வளர்ந்தவர் என்று தொடங்குகிறார். அந்தக் காயத்தைச் சொன்ன பிறகு சான்றை இறுக்கமாகப் பிடிக்கிறார். நமக்கு மிகவும் வேண்டிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். காயம் உள்ளவர் வரலாறு எழுதலாம். காயம் சான்றின் இடத்தில் உட்காரக் கூடாது. 2020இல் இளையோருக்கென்று இதன் சுருக்கப் பதிப்பும் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதையும் பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பெரிய நூலையும் தயங்காமல் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது பெற்றோர் ஒரு சிறு காரியம் செய்யலாம். எந்தத் துணைநூலானாலும் மூன்று பக்கங்களைப் பிள்ளையோடு சேர்ந்து திறந்து, படத்தைக் கையால் மூடிவிட்டு, எழுத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். படம் இல்லாமலும் அந்தப் பக்கம் நின்றால் நூல் நல்லது. படத்தை மூடியதும் சொற்கள் வெறும் வியப்பாக ஒலித்தால், அது தொடரின் நினைவுப் பொருள். பார்த்து மகிழலாம், கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது.

நம்மைப் பற்றியும் தொடர்கள் வரும். தோட்டங்களுக்குப் போனவர்கள், 1983க்குப் பிறகு விமானமேறியவர்கள் என்று யாராவது எடுப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளில் ஒருவரே எடுக்கக்கூடும். கப்பலும் கடலும் தேயிலை மலையும் எரிந்த நூலகமும் திரையில் நன்றாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு வரும் நூலில் நான் தேடப்போவது வேறு: கங்காணியின் கடன் கணக்கு, 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தின் பிரிவுகள், அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதத்தின் நடை, நம்மவர் நம்மவருக்குச் செய்ததன் பதிவு. இவற்றுக்குக் காட்சி கிடையாது, பின்னணி இசையும் பொருந்தாது. அச்சில் மட்டும்தான் இவற்றுக்கு இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்பும் நூல் வந்தால் அதன் அட்டையில் யார் படம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.